ஒப்பந்தத்தோடு வந்த கடிதங்கள்

1987 ஜூலை 29ஆம் திகதி கொழும்பில் கைச்சாத்தான இலங்கை–இந்திய ஒப்பந்தம் பற்றி எழுதுவோர், வடக்கு–கிழக்கு இணைப்பையும் மாகாண சபையையுமே பெரிதாகப் பேசுவர். அன்றைய தினமே ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜயவர்தனவும் பரிமாறிக்கொண்ட கடிதங்களைப் பேசுவோர் குறைவு. இந்தியப் படை ஏன் வந்தது என்ற கேள்விக்கான விடையில் பெரும்பகுதி அங்கேதான் கிடக்கிறது.

திருகோணமலை உட்பட எந்தத் துறைமுகத்தையும் இந்திய நலனுக்குப் பாதகமாக எந்நாட்டின் இராணுவப் பாவனைக்கும் கொடுக்கலாகாது. திருகோணமலை எண்ணெய்த் தாங்கிகளை இரு நாடுகளும் கூட்டாகச் சீரமைக்க வேண்டும். வெளிநாட்டு ஒலிபரப்பு நிலையங்கள் இராணுவ, உளவுத் தேவைக்குப் பயன்படலாகாது. வெளிநாட்டு இராணுவ, உளவு ஆட்கள் குறித்தும் உடன்பாடு வேண்டும். ஒலிபரப்பு என்றால் 'அமெரிக்காவின் குரல்'; ஆட்கள் என்றால் பாகிஸ்தானும் இஸ்ரேலும். 1984இல் கொழும்பு அமெரிக்கத் தூதரகத்தினுள் இஸ்ரேலிய நலன்காப்புப் பிரிவு திறக்கப்பட்டபோது எமது சமூகம் கொதித்தெழுந்தது. எங்கள் கவலை பலஸ்தீனம். டில்லியின் கவலை இந்து சமுத்திரம்.

1983க்குப் பின் தமிழ் இயக்கங்களுக்குத் தன் மண்ணிலே இந்தியா ஆயுதப் பயிற்சி அளித்ததிலும் இந்தக் கணக்கு இருந்தது. வடமராட்சியில் இலங்கைப் படை முன்னேறியதும், 1987 ஜூன் 4இல் இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மீது உணவுப் பொதிகளைப் போட்டன. கூடவே மிராஜ் போர் விமானங்களும் பறந்தன. அரிசிக்கும் பருப்புக்கும் மிராஜ் எதற்கு? செய்தி கொழும்புக்கானது. ஆகவே, 'அழைத்ததால் வந்தோம்' என்பதை நான் பாதியளவே ஏற்பேன். 1979இல் ஆப்கானிஸ்தானில் நுழைந்த சோவியத்தும் அழைப்பைத்தான் காட்டியது.

அதே ஒக்டோபரில் புலிகளோடு போர் மூண்டது. வன்னியில் அலம்பில், நித்திகைக்குளக் காடுகள் வரை அது வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் மாண்டனர். எமது பொதுமக்கள் பட்டது தனிக்கதை. பிரேமதாசவின் நெருக்குதலால் 1990 மார்ச்சில் கடைசிப் படையும் கப்பலேறியது. 1991 மே 21இல் ராஜீவ் கொல்லப்பட்டார்.

எமது பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஒப்பந்தம் முஸ்லிம்களை நாட்டின் இனங்களுள் ஒன்றெனக் குறிப்பிட்டது; ஆனால் பேச்சுமேசையில் எமக்குக் கதிரை இருக்கவில்லை. கிழக்கில் மூன்றிலொரு பங்கினராயிருந்த சமூகம், இணைந்த மாகாணத்தில் சுமார் 18 வீதமானது. 1988 நவம்பர் மாகாண சபைத் தேர்தலில் முஸ்லிம் காங்கிரஸ் 17 ஆசனங்களைப் பெற்றது இந்த அச்சத்தின் அளவுகோல். படை போனபின் சபையும் சிதறியது. 1990 ஜூனில் மீண்டும் போர். ஒகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல். ஒக்டோபரில் முல்லைத்தீவு தண்ணீரூற்று உட்பட வடக்கு முஸ்லிம்கள் முழுமையாகப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர்.

வடக்கு–கிழக்கு இணைப்பை 2006இல் உயர் நீதிமன்றம் செல்லாதென்றது. எண்ணெய்த் தாங்கிகளோ 99. 2022 ஜனவரி உடன்படிக்கைப்படி அவற்றில் 14 லங்கா ஐ.ஓ.சி.யிடம்; 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடம்; எஞ்சிய 61 இரண்டுக்குமான கூட்டுக் கம்பனியிடம்.