பாலியல் வன்கொடுமைச் சட்டம் (இந்தியா): வரலாறு

பெண்கள் மீதான பாலியல் வன்கொடுமையைத் தண்டிக்கும் இந்தியச் சட்டம் 1860-இல் பிறந்தது. மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் 1837-இல் முடித்த வரைவுதான் அதற்கு மூலம். இந்திய தண்டனைச் சட்டத்தின் 375, 376 ஆகிய பிரிவுகள் 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. பெண்ணின் சம்மதம் இல்லாமல் உறவுகொள்வது குற்றம் என்று சட்டம் சொன்னது. ஆனால் சம்மதம் இல்லை என்று நிரூபிக்கும் பாரம் அரசுத் தரப்பின் தலையில் விழுந்தது. நடைமுறையில் அது கூண்டில் ஏறிய பெண்ணின் தலையில்தான் இறங்கியது. உடம்பில் காயம் உண்டா, கூச்சல் போட்டாயா, இதற்கு முன் எப்படி வாழ்ந்தாய் என்றெல்லாம் அவரிடமே கேட்டார்கள்.

முதல் பெரிய திருத்தம் 1891-இல் வந்தது. கல்கத்தாவில் பூல்மணி தாசி என்ற சிறுமி, தன்னைவிடப் பல ஆண்டு மூத்த கணவனின் பலவந்தத்தால் இறந்தார். அவருக்குப் பத்து வயது கடந்திருந்ததால் அந்நாளைய சட்டப்படி அது வன்கொடுமை ஆகவில்லை. கணவனுக்கு ஓராண்டுச் சிறைதான் கிடைத்தது. அதன் பின்னர் சம்மத வயது 10-லிருந்து 12-ஆக உயர்த்தப்பட்டது. வீட்டுக்குள் அரசு நுழையக் கூடாது என்று பாலகங்காதர திலகர் உள்ளிட்டோர் கடுமையாக எதிர்த்தார்கள். பிறகு 1925-லும் 1940-லும் வயது கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. சாட்சிக் கூண்டில் நடந்த விசாரணையோ மாறவில்லை.

அதை மாற்றியது மதுரா வழக்கு. 1972 மார்ச் 26 அன்று, மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்துக்கு ஒரு புகார் தொடர்பாக மதுரா என்ற பழங்குடிச் சிறுமி அழைத்துவரப்பட்டார். உடன் வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு, இரு காவலர்கள் அவரை உள்ளேயே நிறுத்திக்கொண்டார்கள். அதைத் தொடர்ந்த பாலியல் வன்கொடுமை வழக்கில் செஷன்ஸ் நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு தீர்ப்பைப் புரட்டிப்போட்டது: அதிகாரத்தின் முன் வேறு வழியின்றிப் பணிந்துபோவது சம்மதம் ஆகாது என்றது. 1978 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதையும் தள்ளி, காயம் இல்லை, கூச்சல் இல்லை, ஆகவே எதிர்ப்பு இல்லை என்ற தர்க்கத்தில் இருவரையும் விடுதலை செய்தது. இரவு நேரத்தில், பூட்டிய காவல் நிலையத்துக்குள் ஓர் ஏழைச் சிறுமி யாரைக் கூப்பிட்டுக் கூச்சல் போடுவார் என்பதைத் தீர்ப்பு யோசிக்கவே இல்லை.

ஓராண்டு கழித்து, 1979 செப்டம்பரில், உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகிய நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்குத் திறந்த கடிதம் எழுதினார்கள். பணிந்துபோவது வேறு, சம்மதிப்பது வேறு என்பதே அதன் சாரம். கடிதம் பத்திரிகைகளில் பரவியது. பம்பாயிலும் டெல்லியிலும் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். உச்ச நீதிமன்றம் தீர்ப்பை மறு ஆய்வு செய்யவில்லை. நாடாளுமன்றம்தான் அசைந்தது.

1983-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் சாட்சியச் சட்டத்தில் 114ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. காவல் நிலையம், சிறை, மருத்துவமனை போன்ற இடங்களில் பொறுப்பில் இருப்பவர் உறவுகொண்டது நிரூபணமாகி, தான் சம்மதிக்கவில்லை என்று பெண் சொன்னால், நீதிமன்றம் அதை அப்படியே அனுமானிக்க வேண்டும். மாறாக நிரூபிக்கும் பொறுப்பு எதிரிக்கு. குறைந்தபட்சத் தண்டனை 7 ஆண்டு, காவலில் நடந்தால் 10 ஆண்டு. விசாரணை மூடிய அறையில். பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடுவது குற்றம். அதே ஆண்டு இறுதியில் கணவன் வீட்டுக் கொடுமையைத் தண்டிக்கும் 498ஏ பிரிவும் வந்தது. ஆனால் 114ஏ எல்லா வழக்குக்கும் பொருந்தாது. அண்டை வீட்டுக்காரனோ உறவினனோ செய்த குற்றத்தில் பழைய பாரம் பழையபடியே இருந்தது. பெண்ணின் நடத்தையைக் கிளறி அவருடைய சாட்சியத்தைக் குலைக்க இடம்தந்த 155(4) பிரிவை நீக்க இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின; 2003-இல்தான் அது போயிற்று.

காவலில் நடக்கும் கொடுமைக்குத் தமிழகத்திலும் பெரிய சாட்சி உண்டு. தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று சந்தன மரம் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் புகுந்தார்கள். பழங்குடிப் பெண்கள் 18 பேர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் விடாமல் நடத்திய போராட்டத்தால் வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. 2011-இல் தர்மபுரி நீதிமன்றம், குற்றம்சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடு இருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு அறிவித்தது. சம்பவத்துக்கும் அந்தத் தீர்ப்புக்கும் இடையே 31 ஆண்டுகள்! சட்டப் பிரிவு புத்தகத்தில் ஏறிவிட்டால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட நீண்ட சான்று தேவையில்லை.

அதே 1992-இல், ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்தில் அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் வேலைபார்த்த பன்வாரி தேவி, ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காகக் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். 1995-இல் ஜெய்ப்பூர் நீதிமன்றம் எதிரிகளை அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. இந்தக் கொடுமையை முன்வைத்துப் பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றத்தில் ஏற்கெனவே தொடுத்திருந்த வழக்கில், 1997 ஆகஸ்ட் 13 அன்று விசாகா தீர்ப்பு கிடைத்தது. வேலையிடப் பாலியல் தொல்லையைத் தடுக்கப் புகார்க் குழு அமைக்க வேண்டும் என்று அது கட்டளையிட்டது; 2013-இல் அதுவே சட்டமானது. இந்தச் சட்ட வரலாற்றின் கசப்பான உண்மை இங்கே தெளிவாகத் தெரியும். சட்டத்தை மாற்ற வைத்த பெண்கள் மாறிய சட்டத்தால் எதையும் பெறவில்லை. மதுரா வழக்கில் காவலர்களின் விடுதலை விடுதலையாகவே நின்றது. பன்வாரி தேவிக்கு நேர்ந்த அநீதியில்தான் கோடிக்கணக்கான பெண்களின் வேலையிடப் பாதுகாப்பு முளைத்தது.

2012 டிசம்பர் 16 இரவு டெல்லியில் ஓடும் பேருந்தில் ஒரு மாணவிக்கு நேர்ந்த கொடுமை நாட்டையே உலுக்கியது. விசாகா தீர்ப்பை வழங்கிய அமர்வின் தலைவர் ஜே.எஸ். வர்மாவே இப்போதும் அழைக்கப்பட்டார். லீலா சேத், கோபால் சுப்பிரமணியம் ஆகியோருடன் அவர் தலைமையில் அமைந்த குழு, 29 நாட்களில், 2013 ஜனவரி 23 அன்று அறிக்கை தந்தது. அதைத் தொடர்ந்த 2013 திருத்தச் சட்டம் குற்றத்தின் வரையறையை விரித்தது. சம்மத வயதை 18 ஆக்கியது. உடலால் எதிர்க்கவில்லை என்பதாலேயே சம்மதித்ததாகக் கொள்ளக் கூடாது என்று விளக்கம் சேர்த்தது. 1979 கடிதம் கேட்டது இதைத்தான். பின்தொடர்தல், மறைந்திருந்து படம் பிடித்தல், அமிலம் வீசுதல் ஆகியவை தனிக் குற்றங்கள் ஆயின. இத்தகைய புகாருக்கு எஃப்.ஐ.ஆர். போட மறுக்கும் காவலருக்கும் தண்டனை வந்தது. மரண தண்டனை வேண்டாம் என்று வர்மா குழு சொல்லியும் அரசு அதைச் சேர்த்தது. தெருவில் எழுந்த கோபத்துக்குத் தூக்குக் கயிற்றைக் காட்டுவது எந்த அரசுக்கும் எளிது. நீதிமன்றங்களைப் பெருக்குவதும் விசாரணையைச் சீராக்குவதும் செலவு பிடிக்கும் வேலை.

மருத்துவப் பரிசோதனை என்ற பெயரில் நடந்த 'இரு விரல் சோதனை' பெண்ணின் கண்ணியத்தை மீறுவது என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகும் சோதனை நிற்கவில்லை. 2022 அக்டோபரில், இனி யாராவது அதைச் செய்தால் தவறான நடத்தைக்குரிய குற்றமாகக் கருதப்படும் என்று மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது.

2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. 375-ஆம் பிரிவு இப்போது 63-ஆம் பிரிவு. எண்கள் மாறின, 1860-இன் ஒரு விதிவிலக்கு மட்டும் கூடவே வந்துவிட்டது. 18 வயது நிரம்பிய மனைவியைக் கணவன் பலவந்தப்படுத்தினால் அது வன்கொடுமை ஆகாது. வர்மா குழு இதை நீக்கச் சொன்னது. 2022 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வின் நீதிபதிகள் இருவரும் இதில் இரு வேறு தீர்ப்புகள் தந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2024 அக்டோபரில் ஒன்றிய அரசு அங்கே பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்து, திருமண உறவில் நடப்பதை இந்தக் குற்றத்துக்குள் கொண்டுவருவது மிகக் கடுமையானது என்று கூறி விதிவிலக்கை ஆதரித்தது.