தத்துப்பூச்சி ஆண்களும் துஃபூரின் பூட்டும்

தத்துப்பூச்சியின் இனத்தை உறுதிசெய்ய ஆணின் வயிற்று நுனியைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதில் இன்று யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்டால்தான் சிக்கல் தொடங்குகிறது. ஆணின் புணர் உறுப்பு சாவி, பெண்ணினுடையது பூட்டு. ஓர் இனத்தின் சாவி இன்னோர் இனத்தின் பூட்டைத் திறக்காது. ஆகவே சாவியைக் கண்டால் இனத்தைக் கண்டதாகும். வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் இந்த விடை லியோன் துஃபூருடையது (1780–1865). பிரான்சின் தென்மேற்கில் சேன்-செவேர் என்னும் ஊரில் மருத்துவம் பார்த்துக்கொண்டே பூச்சிகளை அறுத்துப் பார்த்தவர் அவர். 1844இல் ஈக்களின் உடற்கூற்றை எழுதியபோது இதை முன்வைத்தார். தத்துப்பூச்சிகளைப் பொறுத்தமட்டில் இந்த விளக்கம் வரலாற்றுக்கும் ஒத்துவரவில்லை, உயிரியலுக்கும் ஒத்துவரவில்லை என்பது என் வாதம்.

துஃபூருக்கு நியாயம் செய்ய அவர் கூற்றை மூன்றாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் ஒன்றுக்கொன்று வடிவத்தில் பொருந்துகின்றன என்பது முதலாவது. அப்பொருத்தமே பிற இனத்தோடு கலப்பதைத் தடுக்கிறது என்பது இரண்டாவது. தடுப்பது அதுவாக இருப்பதால் ஓர் இனத்துக்குள் அதன் வடிவம் மாறாது என்பது மூன்றாவது. முதலாவதை யாரும் மறுக்கப்போவதில்லை. இரண்டாவது சோதனைக்கு உரியது. வகைப்பாட்டாளர் உண்மையில் தொங்கிக்கொண்டிருப்பது மூன்றாவதில்தான். ஆனால் அதைத் தனியாக யாரும் நிறுவவில்லை. முதல் இரண்டின் நிழலில் அது உள்ளே நுழைந்துவிட்டது. துஃபூர் பேசியது ஈக்களைப் பற்றி என்பதும் காலப்போக்கில் மறந்துபோயிற்று.

வரலாற்றை முதலில் பார்ப்போம். ஆண் உறுப்பைக் கொண்டு இனம் பிரிக்கும் முறை தத்துப்பூச்சிகளுக்கு எந்த ஆண்டில் வந்தது என்று ஒரே ஓர் ஆண்டைக் குறிக்க இயலாது. எதை ‘முறை’ என்று கொள்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். ஃபீபர் 1866இலேயே தூரத்து உறவான டெல்ஃபாசிட் குடும்பத்தைப் பிரிக்க ஆணின் பின்முனையைப் பயன்படுத்தினார். அமெரிக்காவில் பூச்சியியலாளர்கள் ஆஸ்போர்னும் பாலும் பெண்ணின் கடைசி வயிற்றுத் தகட்டின் விளிம்பையும் ஆணின் அடித்தட்டுகளையும் தவறாமல் விவரித்தார்கள். இவையெல்லாம் கைலென்ஸில் தெரியும் வெளிப்பாகங்கள். புணர்குழலான ஈடீகஸ் உள்ளே மறைந்திருக்கிறது. வயிற்றைத் தனியே எடுத்து, பத்து விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்துத் தசையைக் கரைத்து, கழுவி, கிளிசரினில் இட்டுப் பார்த்தால்தான் அது கண்ணுக்குப் படும். அந்தக் காரக்கரைசல் எல்லார் மேசைக்கும் வந்து சேர்ந்த பிறகே ஈடீகஸ் இனத்தின் கையெழுத்தாயிற்று.

அதற்குத் தூண்டுகோல் தத்துவமன்று, பயிர். உருளைக்கிழங்கு இலை ஓரம் கருகுவதற்குத் தத்துப்பூச்சியே காரணம் என்று பால் 1919இல் எழுதினார். எந்தத் தத்துப்பூச்சி என்பது அடுத்த கேள்வியாக நின்றது. எம்போயாஸ்கா பேரினத்தில் பெரும்பாலானவை வெளிர்பச்சை. ஒன்றுக்கொன்று அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். டிலாங் 1931இல் அமெரிக்க வேளாண் துறை வெளியீடாக மெக்சிகோவுக்கு வடக்கே உள்ள எம்போயாஸ்காக்களைத் திருத்தி எழுதியபோது ஆணின் உள்ளுறுப்புகளைத் தவிர அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. ரிபோ 1936இல் எம்போயாஸ்கா அடங்கிய பிரிவான டிஃப்லோசைபிட்களுக்குப் பிரான்சில் செய்ததும் அதுவே. இவர்கள் துஃபூரை நம்பியதால் வயிற்றை அறுத்தவர்களில்லை. நிறம் கைவிட்டதால் அறுத்தார்கள். பூட்டும் சாவியும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட நியாயம்.

இந்தியக் கதை இதைவிடத் தெளிவு. டிஸ்டன்ட் 1908இல் ‘பிரிட்டிஷ் இந்திய விலங்கினம்’ வரிசையின் ரிங்கோட்டா (தத்துப்பூச்சிகள் அடங்கிய பெரும்பிரிவு) நான்காம் தொகுதியில் ஏராளமான தத்துப்பூச்சிகளுக்குப் பெயரிட்டார். தலையின் நீளம், முன்மார்பின் நிறம், இறக்கையின் புள்ளி என்று விவரணை அடுக்கடுக்காகப் போகும். ஈடீகஸ் பக்கம் அவர் போகவே இல்லை. ஹேம் சிங் புரூத்தி 1925இல் ரிங்கோட்டா ஆண் உறுப்புகளின் அமைப்பைப் பற்றி லண்டனில் விரிவான ஆய்வு வெளியிட்டார். பிறகு 1930 முதல் 1936 வரை இந்திய அருங்காட்சியக வெளியீட்டில் மூன்று பகுதிகளாக இந்திய ஜாசிட்களை, அதாவது தத்துப்பூச்சிகளை, எழுதியபோது அந்த அறிவை இங்குள்ள பூச்சிகள்மேல் இறக்கினார். டிஸ்டன்ட் விட்ட இடத்துக்கும் புரூத்தி தொட்ட இடத்துக்கும் இடையே இருபத்திரண்டு ஆண்டுகள்தாம். ஆனாலும் டிஸ்டன்ட் இட்ட முடிச்சுகள் அவிழ இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

நம் நெல் வயல்களின் பச்சைத் தத்துப்பூச்சி அப்படி ஒரு முடிச்சு. துங்ரோ நோயைப் பரப்பும் இப்பூச்சி நெடுங்காலம் நெஃபோடெட்டிக்ஸ் பைபங்டேட்டஸ் என்று அழைக்கப்பட்டது. ஃபாப்ரீசியஸ் 1803இல் வேறெதற்கோ இட்ட பெயர் இதன்மேல் தவறாகப் படிந்திருந்தது. ஜப்பானில் இஷிஹாரா 1964இல் பேரினத்தைத் திருத்தி இதற்கு இம்பிக்டிசெப்ஸ் என்று புதுப்பெயர் இட்டார். 1971இல் கௌரி மூலமாதிரிகளையே, அதாவது பெயரிட்டவர் கையில் இருந்த அதே பூச்சிகளையே, அடிப்படையாகக் கொண்டு பேரினத்தை மறுபடி எழுதினார். 1908இல் டிஸ்டன்ட் செலினோசெஃபாலஸ் என்ற வேறொரு பேரினத்தில் வைத்திருந்த விரெசென்ஸ்தான் இது என்பது அப்போது தெளிவாயிற்று. அறுபத்து மூன்று ஆண்டுகள்! ஈடீகஸ் சிக்கலைத் தீர்த்தது என்று இந்நிகழ்ச்சியைச் சுருக்கிச் சொல்வதுண்டு. அது பாதி உண்மை. எந்தப் பூச்சியின் உறுப்பை எந்தப் பெயரோடு இணைப்பது என்பதை மூலமாதிரி மட்டுமே சொல்ல முடியும். உறுப்பு ஆட்களைப் பிரித்துக் காட்டும். அவர்கள் பெயரைச் சொல்லாது.

இதே பேரினத்தில்தான் துஃபூரின் இரண்டாம் கூற்றும் தடுமாறுகிறது. பிலிப்பைன்ஸின் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் லிங் 1968இல் இம்பிக்டிசெப்ஸையும் அபிகாலிஸையும் (இன்றைய நைக்ரோபிக்டஸ்) கலந்து, பிறந்த கலப்புகள் துங்ரோவைக் கடத்துகின்றனவா என்று சோதித்தார். தலையில் கரும்பட்டையாலும் ஈடீகஸாலும் நாம் பிரித்தறியும் இரு இனங்கள் இவை. ஒன்றின் சாவி மற்றதின் பூட்டில் திரும்பியிருக்கிறது. கூண்டுக்குள் நடந்ததை வயலுக்கு நீட்டக்கூடாது என்று மறுக்கலாம், மறுக்கவும் வேண்டும். ஆனால் வயலில் கலப்பு நிகழாதிருந்தால் அதைத் தடுப்பது உறுப்பின் வடிவமாக இருக்க முடியாது என்பதற்கு அந்தக் கூண்டே போதும்.

தடுப்பது எது? ஸ்வீடனின் ஒசியானில்சன் 1949இலேயே இச்சிற்றுயிர்கள் வயிற்றடி அதிர்வுச்சவ்வால் ஒலி எழுப்புகின்றன என்று காட்டிவிட்டார். நம் காதுக்கு எட்டாத அந்த அதிர்வு செடியின் தண்டு வழியே பெண்ணின் கால்களுக்குப் போய்ச் சேர்கிறது. இனோவே 1982இல் நெஃபோடெட்டிக்ஸ் இனங்களின் அழைப்பொலிகள் வேறுவேறு என்றும், இனங்களைப் பிரித்து வைப்பவை அவையே என்றும் வாதிட்டார். பூட்டு என்று ஒன்று இருந்தால் அது உறுப்பு உறுப்பைத் தொடுவதற்கு வெகு முன்பே, நெல் தண்டில், பூட்டப்பட்டுவிடுகிறது. இதில் ஒரு வேடிக்கை. டிஃப்லோசைபின் வகைப்பாட்டாளர் ஈடீகஸோடு சேர்த்து ஆணின் வயிற்றடியிலுள்ள உட்தகடுகளையும் வரைவார்கள். ஒலி எழுப்பும் தசைகள் பிடித்துக்கொள்ளும் இடம் அது. காரணம் தேடாமலே சரியான இடத்தைத் தொட்டிருக்கிறார்கள்.

மூன்றாம் கூற்றுக்கு வருகிறேன். இங்கே நான் சாய்வது ஐரோப்பியப் புல்வெளிப் பூச்சியான யூசெலிஸ்மேல். ஃபாலேன் 1806இல் பெயரிட்ட பிளெபேயஸும் கிர்ஷ்பாம் 1858இல் பெயரிட்ட இன்சைசஸும் தனித்தனி இனங்களாக நூல்களில் இருந்தன. ஒன்று பெரியது, வெளிர்நிறம். மற்றது சிறியது, கருமை ஏறியது. ஈடீகஸும் வேறு. ஜெர்மனியின் ஹான்ஸ் யோவாகிம் முல்லர் 1954இல் வெளியிட்ட ஆய்வு இந்தச் சுவரை இடித்தது. இளம்பூச்சிகளை நீண்ட பகலில் வளர்த்தால் பிளெபேயஸ். அதே தாயின் குஞ்சுகளைக் குறுகிய பகலில் வளர்த்தால் இன்சைசஸ். கோடையில் வளர்வதும் குளிர்காலத்தைக் கடந்து வசந்தத்தில் வெளிவருவதும் ஒரே பூச்சிதான். இடைப்பட்ட பகல்நீளத்தில் வளர்த்தபோது ஈடீகஸும் இடைப்பட்ட வடிவங்களில், ஒன்றிலிருந்து மற்றதற்குப் படிப்படியாக நகரும் வரிசையாக, வந்தது. சாவியை வார்த்தது வெளிச்சம். பூட்டு மாறியதால் சாவி மாறவில்லை. இன்று இரண்டுக்கும் இன்சைசஸ் என்ற ஒரே பெயர்.

இதை ஒரு விதிவிலக்கு என்று ஒதுக்குவோர் உண்டு. நான் ஒதுக்கத் தயாரில்லை, கையில் இருக்கும் சான்று மெலிந்ததே என்றாலும். காவிரிப் படுகையில் ஒரு விளக்குப்பொறியிலிருந்து வந்த நெஃபோடெட்டிக்ஸ் ஆண் ஒன்றை ஒருமுறை காரத்தில் இட்டேன். தலையில் பட்டை இல்லை. விரெசென்ஸ் என்று எண்ணிக்கொண்டுதான் இட்டேன். ஈடீகஸ் குறுகியிருந்தது. பக்கமுட்கள் முளைவிட்ட நிலையிலேயே நின்றிருந்தன. எந்த நூலின் படத்தோடும் ஒத்துப்போகாத அந்த வடிவத்தை முதல் பத்து நிமிடம் புது இனம் என்றே நினைத்தேன் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. பிறகு கண்ணாடிக் குழியில் தசை கரைந்து தெளிந்தபோது ஒரு புழுவின் தோல் மிதந்தது. தத்துப்பூச்சிகளின் வயிற்றில் வளரும் பெருந்தலை ஈயின் புழுவாக இருக்கலாம். தோலை மட்டும் வைத்து அதற்கு மேல் சொல்வது அத்துமீறல்.

அல்ஃப்ரெட் ஜியார் 1889இலேயே டிஃப்லோசைபா ஆண்களில் இதைக் கண்டிருந்தார். அஃபெலோபஸ் குளவியின் புழுவோ ஈயின் புழுவோ உள்ளிருந்தால் ஆணின் புணர் உறுப்பு குன்றிப்போகிறது என்று பாரிசில் அறிவித்தார். ‘ஒட்டுண்ணி மலடாக்கல்’ என்று அதற்குப் பெயர். உறுப்பின் வடிவத்தில் வெளிச்சத்துக்கும் ஒட்டுண்ணிக்கும் பங்குண்டு என்று தெரிந்த பிறகு, ஒற்றை ஆணை வைத்துப் புதுப்பெயர் இடும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டு முழுக்க எப்படித் தொடர்ந்தது என்பதுதான் எனக்கு வியப்பு. துஃபூரின் மூன்றாம் கூற்று தந்த துணிவைத் தவிர வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை. இதை நான் நிறுவிவிட்டதாகச் சொல்ல மாட்டேன். பெயரிட்டவர்கள் தம் துணிவுக்குக் காரணம் எழுதி வைப்பதில்லை.

என் வாதத்தின் எல்லையையும் பதிவு செய்ய வேண்டும். ஷாப்பிரோவும் போர்ட்டரும் 1989இல் பூட்டு-சாவிச் சான்றுகளைத் தொகுத்து நிறுத்துப் பார்த்து அவை மிகக் குறைவு என்று கண்டார்கள். எபர்ஹார்ட் 1985இல் உறுப்புகளின் பல்வகைமைக்குப் பெண்ணின் தேர்வையே காரணமாக்கினார். இருவழியிலும் ஈடீகஸ் பயனற்றது என்ற முடிவு வரவில்லை, வரவும் கூடாது. எம்போயாஸ்காவில் இன்றும் அதைவிட நல்ல அடையாளம் அரிது. பெண் மூலமாதிரிமேல் நிற்கும் பழைய பெயர்கள் எத்தனை தொல்லை தருகின்றன என்பது அப்பேரினத்தைத் தொட்ட எவருக்கும் தெரியும்.

படுகையில் கிடைத்த அந்த ஆண் இப்போது ஊசியின் அடியில் சிறு கிளிசரின் குப்பியோடு நிற்கிறது. சீட்டில் ஊரும் மாதமும் இருக்கின்றன. ஆண்டு எழுதிய இடத்தில் மை பரவியிருக்கிறது. பருவமும் உறுப்பை மாற்றக்கூடும் என்றால் மாதமாவது தப்பியது நல்லதே. பேரினப் பெயரையும், ‘ஒட்டுண்ணி கண்டது’ என்ற இரு சொற்களையும் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன். இனப்பெயருக்கான இடம் காலியாக இருக்கிறது.