கனடா சீர்திருத்தக் கட்சி

கனடாவின் மேற்கு மாகாணங்களில் வேரூன்றிய வலதுசாரி அரசியல் கட்சி (1987–2000). நிறுவனர் பிரஸ்டன் மானிங். ஆல்பர்ட்டாவின் முன்னாள் முதல்வர் எர்னஸ்ட் மானிங்கின் மகன்.

தோற்றம்: எண்ணெய் விலையையும் வருவாயையும் ஒட்டாவாவிலுள்ள கூட்டாட்சி அரசின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர முயன்ற 1980-ஆம் ஆண்டின் தேசிய எரிசக்தித் திட்டம் ஆல்பர்ட்டாவைக் கொதிப்படையச் செய்தது. 1986-இல் சிஎஃப்-18 போர் விமானப் பராமரிப்பு ஒப்பந்தம் மேற்கிலுள்ள வின்னிபெக் நிறுவனத்தை விடுத்து கியூபெக்கின் மான்ட்ரியல் நிறுவனத்துக்குத் தரப்பட்டதும் மேற்கின் மனக்குறையைக் கூட்டியது. இந்த மனக்குறையிலிருந்தே கட்சி உருவானது.

கொள்கை: மாகாணங்களுக்குச் சம இடங்களுடன், மக்களால் தேர்ந்தெடுக்கப்படும், அதிகாரமுள்ள செனட், பற்றாக்குறையற்ற வரவுசெலவுத் திட்டம், கியூபெக்குக்குத் தனி அந்தஸ்து மறுப்பு.

தேர்தல்கள்: 1989 இடைத்தேர்தலில் டெபோரா கிரே கட்சியின் முதல் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1993-இல் 52 இடங்கள் கிடைத்தன; 1997-இல் 60 இடங்களுடன் அதிகாரபூர்வ எதிர்க்கட்சியானது. அந்த 60-உம் மேற்கிலேயே கிடைத்தவை.

பின்னாளில்: 2000-இல் கனடியக் கூட்டணியாக மாறி, 2003-இல் முற்போக்குப் பழமைவாதக் கட்சியுடன் இணைந்தது. இவ்விணைப்பில் பிறந்த பழமைவாதக் கட்சி, ஸ்டீவன் ஹார்ப்பர் தலைமையில் 2006-இல் ஆட்சியமைத்தது.