மூலாதாரம்: பழைய நூல்களும் இன்றைய அறிகுறிப் பட்டியலும்

மூலாதாரம் என்பது யோக நூல்கள் கூறும் ஆறு ஆதாரங்களுள் முதலாவது. மூலம் என்றால் வேர். ஆதாரம் என்றால் தாங்கும் இடம். இது முதுகுத்தண்டின் அடியில் உள்ளதாகக் கொள்வர். காரணமில்லாத அச்சம், பணக்கவலை, இடுப்புவலி, மலச்சிக்கல் ஆகியவை மூலாதாரம் சமநிலை இழந்ததன் அறிகுறிகள் என்று இன்று பரவலாகச் சொல்லப்படுகிறது. இந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது?

பழைய நூல்களில்

தொடக்கத்தில் சக்கரங்களின் எண்ணிக்கையே ஒன்றாக இல்லை. பௌத்த நூலான ஹேவஜ்ர தந்திரம் நான்கு சக்கரங்களைக் கூறுகிறது. திருமந்திரம் ஆறு ஆதாரங்களைப் பேசுகிறது. தமிழ் மரபில் மூலாதாரத்திற்கு உரிய கடவுள் விநாயகர். விநாயகர் அகவலிலும், முத்துசுவாமி தீட்சிதரின் 'வாதாபி கணபதிம்' கீர்த்தனையிலும் இக்கருத்தைக் காணலாம்.

13ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் எழுதிய இசை நூல் சங்கீத ரத்னாகரம். அது மூலாதாரத்தின் நான்கு இதழ்களுக்கும் உரிய பலன்களாக நான்கு வகை ஆனந்தங்களைச் சொல்கிறது. அங்கே அச்சமும் இல்லை, இடுப்புவலியும் இல்லை.

1577இல் பூர்ணானந்தர் இயற்றிய ஷட்சக்ர நிரூபணம், நான்கு செந்நிற இதழ்கள், நிலத்தைக் குறிக்கும் மஞ்சள் சதுரம், 'லம்' என்னும் பீஜ மந்திரம், யானை, சுருண்டு உறங்கும் குண்டலினி என விரிவாக வருணிக்கிறது. இவை தியானத்தில் மனத்தில் நிறுத்த வேண்டிய உருவங்கள். மூலாதாரத்திலிருந்து குண்டலினியை எழுப்பி மேலே கொண்டுசெல்வதே நோக்கம். நோயைக் கண்டறிவது அன்று.

இருபதாம் நூற்றாண்டில்

கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதி ஜான் உட்ராஃப், ஆர்தர் அவலான் என்ற பெயரில் 1919இல் இந்நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். பிரம்மஞான சபையைச் சேர்ந்த லெட்பீட்டர் 1927இல் சக்கரங்களைப் பற்றித் தனி நூல் எழுதினார். 1932இல் சூரிச் நகரில் உளவியலாளர் யுங், குண்டலினி யோகத்தை மனவளர்ச்சியின் படிகளாக விளக்கி உரையாற்றினார். அமெரிக்கரான அனோதியா ஜூடித் 1987இல் எழுதிய நூல், மூலாதாரத்தை உடல்நலம், பிழைப்பு, பாதுகாப்பு உணர்வு ஆகியவற்றோடு இணைத்துப் பரப்பியது. இன்றைய பட்டியல் இந்த வழியில் உருவானதே.

மாணவர் கருத வேண்டியது

புதியது என்பதால் ஒன்று பயனற்றதாகிவிடாது. மூலாதாரத்தை எண்ணி அமைதியாக அமர்வது சிலருக்கு மனநிறைவு தரலாம். ஆனால், பழைய நூல் சொல்லாததை அதன் பெயரால் சொல்வது வரலாற்றுப் பிழை. அதை நம்பி, நீடித்த இடுப்புவலிக்கும் விடாத அச்சத்திற்கும் மருத்துவரிடம் செல்லாதிருப்பது உடலுக்கே கேடு.