ஒரே ஜாவா, ஊருக்கொரு நிறுவல்

ஒருமுறை எழுதினால் போதும், எந்தக் கணினியிலும் ஓடும் என்பதுதான் ஜாவா மொழியை விற்க சன் மைக்ரோசிஸ்டம்ஸ் முழங்கிய முழக்கம். 1996 ஜனவரியில் அதன் முதல் மென்பொருள் உருவாக்கப் பெட்டியான ஜேடிகே 1.0 வந்தது. நிரல் எங்கும் ஓடியது உண்மைதான். ஆனால் பெட்டியை நிறுவும் விதம் ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் ஒரு மாதிரி.

விண்டோஸ் 95 வைத்திருந்தவர் ஆட்டோஎக்ஸெக்.பேட் கோப்பைத் திறந்து, 'பாத்' வரியில் ஜாவா இருக்கும் கோப்புறையைச் சேர்த்துக் கணினியை மறுபடி இயக்க வேண்டும். பாதைகளுக்கு நடுவே அங்கே அரைப்புள்ளி, யூனிக்ஸிலோ முக்காற்புள்ளி. குறி மாறினால் நிரலைத் தொகுக்கும் 'ஜாவாசி' கட்டளையையே கணினி கண்டுகொள்ளாது.

லினக்ஸை சன் ஆரம்பத்தில் கவனிக்கவில்லை. பிளாக்டவுன் என்ற தன்னார்வலர் குழுதான் ஜேடிகேயை அங்கே கொண்டுசேர்த்தது.

மேக் ஓஎஸ் டென்னில் ஆப்பிளே ஜாவாவைச் சேர்த்துக் கொடுத்தது. புதுப்பிப்பும் ஆப்பிள் வழியாகவே வரும். அதுவரை காத்திருக்க வேண்டியதுதான். 2010-ல் ஆப்பிள் கைவிடப்போவதாக அறிவிக்க, ஜாவா 7 முதல் அந்தப் பொறுப்பு சன்னை வாங்கியிருந்த ஆரக்கிளிடம் போனது.

2006-ல் சன் ஜாவாவைத் திறந்த மூலமாக்கத் தொடங்கியது. உரிமச் சிக்கல் தீர்ந்ததும் அதன் திறந்த மூல வடிவமான ஓபன்ஜேடிகே, உபுண்டு, டெபியன் ஆகிய லினக்ஸ் வகைகளின் களஞ்சியங்களுக்குள் நுழைந்தது. 'ஆப்ட்' கட்டளை ஒன்றே நிறுவலுக்குப் போதுமானதாயிற்று.

அடுத்த மாற்றம் வேகத்தில். ஜாவா 8-க்கும் 9-க்கும் இடையே மூன்றரை ஆண்டு. 2018 முதல் மார்ச், செப்டம்பர் என ஆண்டுக்கு இரண்டு பதிப்புகள். பல பதிப்புகளை ஒரே கணினியில் வைத்து மாற்றிக்கொள்ள எஸ்டிகேமேன் போன்ற கருவிகள் கைகொடுக்கின்றன. எல்லாரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறுவதில்லை. பெரும்பாலான நிறுவனங்கள் 11, 17, 21 போன்ற நீண்ட கால ஆதரவுப் பதிப்புகளிலேயே நிற்கின்றன.