மருந்தாக ஒரு கப் காபி!

உட்கார வைத்தால் உட்கார மாட்டான். சொன்னது காதில் ஏறாது. பாதிப் பரீட்சையில் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பான். ஏ.டி.ஹெச்.டி. என்று இன்று பெயர் சொல்லப்படும் இப்படியொரு பிள்ளைக்கு 'தினமும் காபி கொடுங்க' என்று டாக்டரே சொன்னால்? 'குரங்குக்குக் கள்ளை ஊத்தின கதையால்ல இருக்கு!' என்பீர்கள். அமெரிக்காவில் 1970-களில் அது நிஜமாகவே நடந்தது.

முன்கதை 1937-ல் இருக்கிறது. ரோட் ஐலண்ட் மாநிலத்தில், மனநலப் பிரச்னை உள்ள குழந்தைகளுக்கான இல்லத்தில் சார்லஸ் பிராட்லி என்ற டாக்டர். மூளையை எக்ஸ்-ரே எடுக்க முதுகுத்தண்டிலிருந்து நீரை எடுப்பார்கள் (ஸ்கேன் இல்லாத காலம், பாவம் குழந்தைகள்!). அப்புறம் தலைவலி மண்டையைப் பிளக்கும். அதற்காக பென்செட்ரின் என்ற ஊக்க மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார் பிராட்லி. தலைவலி பெரிதாகக் குறையவில்லை. ஆனால் வகுப்பில்... ஆட்டம் போட்ட பிள்ளைகள் அமைதியாக உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள்! 30 பேரில் ஏறக்குறைய பாதிப் பேர் படிப்பில் கிடுகிடுவென்று முன்னேறினார்கள். குழந்தைகளே அதற்கு 'கணக்கு மாத்திரை' என்று பெயர் சூட்டினார்கள்.

ஊக்க மருந்து எப்படி அடக்கும்? கவனத்தைக் கட்டிப்போடும் மூளைப் பகுதி தூங்கி வழிகிறது, மருந்து அதைத் தட்டி எழுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன். பின்னாளில் ரிட்டாலின் வந்தது. பசி போச்சு, தூக்கம் போச்சு என்ற புகாரும் கூடவே வந்தது. 1971-ல் அமெரிக்க அரசு கடும் கட்டுப்பாடு விதித்தது.

காபியும் ஊக்கப் பொருள்தானே? 1973-ல் ஷ்னாக்கன்பெர்க் என்ற டாக்டர் காலையில் ஒரு கப், மதியம் ஒரு கப் கொடுத்துப் பார்த்து, 'பலன் இருக்கிறது' என்று எழுதினார். மலிவு, கடையில் கிடைக்கும், வேறென்ன வேண்டும்! ஆனால் 1975-ல், எது நிஜ மருந்து, எது வெத்து மாத்திரை என்று யாருக்கும் தெரியாமல் கொடுத்துச் சோதித்தபோது சாயம் வெளுத்தது. ரிட்டாலினுக்குப் பக்கத்தில்கூட காஃபீன் வரவில்லை.

காரணம் இருக்கிறது. ரிட்டாலின் மூளையில் டோபமினை நேரடியாகக் கூட்டுகிறது. காஃபீன் செய்வது வேறு. அடினோசின் என்ற தூக்க ரசாயனம் உட்கார வேண்டிய சீட்டில், பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவதுபோல, முந்திக்கொண்டு இடம் பிடிக்கிறது. தூக்கம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

டாக்டர்கள் கைவிட்டதை இப்போது பையன்களே கையில் எடுத்துக்கொண்டார்கள். காபி கப்புக்குப் பதில் எனர்ஜி டிரிங்க் டப்பா. 250 மில்லி ரெட் புல்லில் 80 மில்லிகிராம் காஃபீன். 'பிள்ளைகளுக்கு இது வேண்டவே வேண்டாம்' என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2011-ல் சொன்னது. லிதுவேனியா 2014-ல் 18 வயதுக்குக் கீழே விற்கவே தடை போட்டது.

சாயங்காலம் 6 மணிக்குக் குடித்தால் இரவு 11 மணிக்கும் ஏறக்குறைய பாதி காஃபீன் உடம்பில் நிற்கும். பையன் புரண்டு புரண்டு படுப்பான். தூக்கம் கெட்டவன் மறுநாள் வகுப்பில் எப்படி இருப்பான்? உட்கார மாட்டான். சொன்னது காதில் ஏறாது. டீச்சர் கண்ணுக்கு வியாதியும் தூக்கக் கலக்கமும் ஒன்றுபோலத்தான் தெரியும். அவனோ, சாயங்காலம் அடுத்த டப்பாவைத் திறப்பான்.