செத்த மயிலின் மூளையில் எதை அளப்பது?

பாலக்காட்டின் முதலமடை மாந்தோப்புகளும் இடுக்கியின் வண்டன்மேடு, உடும்பன்சோலை ஏலக்காடுகளும் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கிடப்பவை. முதலமடையின் பெயர் எண்டோசல்பான் பூச்சிமருந்து பற்றிய விவாதத்தில் அடிபட்டது. ஏலத்திலோ இலைப்பேனுக்கும் தண்டுத் துளைப்பானுக்கும் குயினால்பாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் நெடுங்காலம் பயன்பட்டுவந்தன. மருந்தடித்த நிலத்தருகே ஒரு மயில் செத்துக் கிடந்தால், அதன் மூளையை ஹெச்.பி.எல்.சி. (உயர்திறன் திரவ நிறப்பகுப்பு) கருவியில் ஏற்றி நரம்பியக் கடத்திகளை அளந்தால் காரணம் தெரிந்துவிடும் என்று தோன்றலாம். தெரியாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கருவியில் குறை இல்லை. 1973இல் அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஆடம்ஸின் குழுவினர் திரவ நிறப்பகுப்போடு மின்வேதி உணரியை இணைத்தபின், பிக்கோகிராம் அளவுகூட எட்டும் தூரத்துக்கு வந்தது. கேரளத்திலேயே, கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சி.எஸ். பாலோஸின் ஆய்வகம் நீரிழிவும் வலிப்பும் உண்டாக்கிய எலிகளின் மூளைப் பகுதிகளில் டோபமினையும் செரட்டோனினையும் இம்முறையில் அளந்திருக்கிறது. மூளையைப் பனிக்கட்டி மேல் வைத்துப் பகுதி பகுதியாகப் பிரிக்க வேண்டும். பெர்குளோரிக் அமிலத்தில் அரைக்க வேண்டும். அமிலம் புரதத்தை வீழ்படிவாக்கும், டோபமின் போன்ற அமீன்கள் ஆக்சிஜனேற்றத்தால் சிதையாமலும் காக்கும். தெளிநீரை சி-18 நிறப்பகுப்புக் குழாயில் செலுத்தினால் ஒவ்வொன்றும் தன் நேரத்தில் வெளிவந்து மின்முனையில் எலெக்ட்ரானை இழக்கும். அந்த மின்னோட்டமே அளவு.

இவ்வளவும், விலங்கு எந்த நொடியில் இறந்தது என்று ஆய்வாளருக்குத் தெரிந்திருக்கும்போதுதான் பொருள்படும். அசிடைல்கோலின் என்ற நரம்பியக் கடத்தி இறப்புக்குப்பின் நொடிகளில் சிதைகிறது. அதை நம்பி அளக்க விரும்புவோர் மூளையை நுண்ணலையால் கணப்பொழுதில் சுட்டு நொதிகளை நிறுத்துகிறார்கள். காபா என்ற கடத்தி நேர்மாறு: இறந்த மூளையில் அது கூடுகிறது. எண்டோசல்பான் தாக்குவதோ காபாவின் அளவை அல்ல, அதன் ஏற்பியிலுள்ள குளோரைடு வாயிலை. வாயில் அடைபட்டாலும் காபா இருந்த அளவிலேயே இருக்கக்கூடும். வெயிலில் அரைநாள் கிடந்த மயிலின் காபா எண் எதற்குச் சான்று?

புதிதாக எடுத்த திசுவிலும் ஒரு சிக்கல் உண்டு. கடையின் சரக்கிருப்பு அன்றைய விற்பனையைச் சொல்லாது. மொத்தத் திசுவின் டோபமின் அளவும் அப்படித்தான். அதனால்தான் டோபமினோடு அதன் சிதைபொருளான டோபாக்கையும் அளந்து விகிதம் பார்க்கிறார்கள். விகிதம் தராத ஆய்வறிக்கைகளை ஐயத்தோடு படிப்பதே நல்லது.

களத்துச் சடலத்துக்கு உரியது வேறு அளவீடு. அசிடைல்கோலினைச் சிதைக்கும் அசிடைல்கோலினெஸ்டரேஸ் நொதி, ஆர்கனோபாஸ்பேட் பிணைத்துவிட்டால், இறந்தபின்னும் பிணைந்தே இருக்கும். எல்மன் 1961இல் வகுத்த நிறமானி முறையில் அதன் செயலை அளக்கலாம். அதே இனத்தின் நலமான பறவையோடு ஒப்பிடப் பாதிக்குமேல் குறைந்திருந்தால் நஞ்சே காரணம் என்பது நச்சியலாரின் வழக்கமான அளவுகோல். கார்பமேட் என்றால் பிணைப்பு தானே அவிழ்ந்துவிடும். ஆகவே குளிர்பதனம் தவறினால் தடயம் போய்விடும். இரைப்பையில் கிடக்கும் மருந்து எச்சத்தைக் கண்டறிய நிறைமானி இணைந்த திரவ நிறப்பகுப்பு வேண்டும். நிறப்பகுப்பு இங்கே மூளையைவிட வயிற்றில்தான் அதிகம் உதவும்.

இதற்கு வெளியூர் தேட வேண்டியதில்லை. பாலக்காட்டுக்குப் பக்கத்தில், கோவை ஆனைக்கட்டியிலுள்ள சாலிம் அலி பறவையியல் மையம் பறவைகளின் பூச்சிமருந்து நச்சேற்றத்தை ஆராய்ந்துவருகிறது. முதலில் தேவை, ஒப்பிடுவதற்கான இயல்பு அளவுகள். வாகனத்திலோ மின்கம்பியிலோ அடிபட்டு இறக்கும் மயில்களின் மூளையையும் இரு மாநில வனத்துறையினரும் கால்நடை மருத்துவர்களும், கண்டெடுத்த நேரத்தைக் குறித்து, உறைநிலையில் சேர்த்துவைக்க வேண்டும்.